சோம்பல் எது? விலங்குக் கதைகள் கூறும் விடை

பிள்ளைகளிடம் கண்டிக்கப்படும் குற்றங்களுள் சோம்பலைப் போல அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது பிறிதொன்றில்லை. பொய்யும் களவும் கோளும் எப்போதோ ஒருமுறை கண்டிக்கப்படுகின்றன. சோம்பலோ விடியற்காலைப் படுக்கையில் தொடங்கி, இரவு வீட்டுப்பாடம் முடியும்வரை நாள்தோறும் கண்டிக்கப்படுகின்றது. எனினும், 'சோம்பல் என்றால் என்ன?' என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்குமாயின் உடனே விடை கூறுதல் எளிதன்று. ஓடியாடாமல் இருப்பது சோம்பலா? மெல்லச் செய்வது சோம்பலா? உறங்குவது சோம்பலா? இவற்றுள் எதுவும் தன்னளவில் சோம்பல் ஆகாது. கண்ணுக்குப் புலனாகாத இக்குற்றத்திற்கு ஓர் உருவம் தந்து காட்டவே முன்னோர் விலங்குகளையும் பறவைகளையும் கதைக்குள் அழைத்தனர்.

அக்கதைகள் யாவும் ஒரே பாடத்தைக் கூறுவன என்று கருதுவது வழக்கம். நெருங்கி நோக்கின், அவை சோம்பலை வேறு வேறு வகையாக வரையறுப்பது விளங்கும். ஆகவே எக்கதையைத் தேர்வது, அதனை எவ்வாறு சொல்வது என்பது ஆசிரியர் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டிய செய்தியாகின்றது. ஊக்கத்தை விதைக்க வேண்டிய கதையே, தவறாகச் சொல்லப்படின், பிள்ளையின் நெற்றியில் 'சோம்பேறி' என்னும் முத்திரையைக் குத்திவிடவும் கூடும்.

பினாங்கில் கூடிய கதை மரபுகள்

இவ்வாராய்ச்சிக்குப் பினாங்கு மிகவும் ஏற்ற இடமாகும். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கம்பெனியின் கொடியை ஏற்றிய பின்னர், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அரபியரும் ஐரோப்பியரும் வந்து கூடினர். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தொன்மையான தொடர்பை இன்றும் காட்டி நிற்கின்றது. வணிகச் சரக்குகளோடு கதைகளும் அவ்வழியே வந்திறங்கின.

1816-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதனையே குறிப்பது மரபு. அந்நாள் முதல் பினாங்குத் தமிழ்ப் பிள்ளை, பள்ளியில் ஆங்கில வழியாக ஈசாப்புக் கதைகளையும், வீட்டில் தமிழ் வழியாகப் பஞ்சதந்திரக் கதைகளையும், அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளைகளின் வாயிலாகச் சாங் கஞ்சில் என்னும் சருகுமானின் கதைகளையும் கேட்கும் வாய்ப்பைப் பெற்றது.

இம்மரபுகள் ஒன்றையொன்று அறியாதன அல்ல. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்திற்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா என்பவரால் அரபு மொழிக்கும் சென்றது. 'கலீலா வ திம்னா' என்னும் அவ்வரபு நூலின் வழியில் வந்த கதைகளே மலாயில் 'ஹிக்காயத் கலீலா டான் டமீனா' என வழங்கின. இஃது ஒரு வழி. தமிழிலிருந்து மலாய்க்கு நேரே வந்த வழியும் ஒன்று உண்டு. மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவிற் பிறந்தவர். அவருடைய முன்னோர் யேமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் தங்கித் தமிழரோடு மணவுறவு கொண்டவர். தமிழ் கற்ற அப்துல்லா, 1835-ஆம் ஆண்டில் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அப்போது பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சிப் பிரிவாக இருந்தன. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1826-இல், சென்னையில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த தமிழ்ப் பஞ்சதந்திரம் வெளிவந்திருந்தது. மலாய்ப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவான கதைச் செல்வம் ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

எறும்பும் பாட்டுப் பூச்சியும்

சோம்பலைப் பற்றிய கதை என்றவுடன் முதலில் நினைவிற்கு வருவது ஈசாப்பின் எறும்புக் கதையே. கோடை முழுவதும் எறும்பு தானியம் சேர்க்கின்றது. வெட்டுக்கிளி பாடிக்கொண்டு திரிகின்றது. குளிர்காலம் வந்ததும் வெட்டுக்கிளி பசியோடு எறும்பின் வாயிலில் நிற்கின்றது. எறும்பு மறுத்து அனுப்பிவிடுகின்றது. கிரேக்க மூலத்தில் வருவது வெட்டுக்கிளி அன்று. மரங்களில் இருந்து இரைச்சலிடும் சில்வண்டு. அவ்வண்டு இல்லாத வடநாடுகளுக்குக் கதை சென்றபோது அதன் இடத்தை வெட்டுக்கிளி பிடித்தது.

இக்கதை எளிமையானது, மறக்க முடியாதது. ஆயினும் பினாங்கு வகுப்பறையில் அஃது எதிர்கொள்ளும் இடர்கள் மூன்று உள்ளன.

முதலாவது, பருவம். பினாங்கில் குளிர்காலம் என்பதே இல்லை. மாமரமும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பருவந்தோறும் காய்த்துக் கொண்டிருக்கும் நாட்டில், பனி மூடிய நிலத்தில் உணவின்றித் தவிக்கும் பூச்சியைப் பிள்ளை எவ்வாறு கற்பனை செய்யும்? கதையின் தண்டனை முழுவதும் குளிர்காலத்தில் அடங்கியிருத்தலின், அப்பருவம் விளங்காத பிள்ளைக்குப் பாடமும் விளங்காமற் போகும்.

இரண்டாவது, எறும்பின் இயல்பு. தானியம் சேர்க்கும் எறும்புகள் மத்தியதரைக் கடல் நாடுகளில் மிகுதி. கிரேக்கர் கண்டதும் அவற்றையே. பினாங்குப் பிள்ளை மாமரத்தில் காணும் செவ்வெறும்போ வேறு வகையினது. தமிழில் முசுறு என்றும் மலாயில் கெரெங்கா என்றும் வழங்கும் அவ்வெறும்பு தானியம் சேர்ப்பதில்லை. ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கி இலைகளை இழுத்து, தம் புழுக்கள் சுரக்கும் நூலால் அவற்றைத் தைத்துக் கூடு கட்டுகின்றது. உழைப்பிற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், பள்ளிக்கூட வேலியோரத்தில் கண்ணாரக் காணக்கூடிய இக்கூட்டு முயற்சியைவிடச் சிறந்தது யாது?

எறும்பு ஓயாது உழைப்பது என்னும் எண்ணமும் முழுவதும் சரியன்று. அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவகைச் சிற்றெறும்புக் கூட்டங்களை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. கூட்டத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டு எறும்புகள் பெரும்பொழுதும் சும்மா இருந்தன. மிகுதியாக உழைத்தவற்றை அகற்றியபோது, அதுவரை சும்மா இருந்தவை ஒரு வாரத்திற்குள் அவற்றின் வேலையை மேற்கொண்டன. கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றியது, தேவைப்படும்போது எழுவதற்கான இருப்பாக விளங்கிற்று.

மூன்றாவது இடரே பெரியது. கதையின் இறுதியில் எறும்பு கைவிரிக்கின்றது. 1668-இல் பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன் இக்கதையைத் தம் நூலின் தொடக்கத்தில் வைத்துப் பாடினார். கல்விச் சிந்தனையாளர் ரூசோ 1762-இல் வெளியான தம் 'எமீல்' என்னும் நூலில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஆசிரியர் சில்வண்டைக் காட்டி அறிவுறுத்துவார். பிள்ளையோ எறும்பின் பக்கம் சேர்ந்துகொள்ளும். உழைப்பை விட, இரப்பவரை மறுத்து எள்ளி நகையாடுவதையே அது கற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து. விருந்தோம்பலையும் ஈகையையும் தலையாய அறங்களாகக் கொண்ட தமிழ் மரபில் வளரும் பிள்ளைக்கு இவ்விறுதி மேலும் உறுத்தலாக இருத்தல் இயல்பே. சோம்பல் குற்றமெனின், பசித்தவரை விரட்டுவது குற்றமன்றோ என்று கேட்கும் பிள்ளை கதையைச் சரியாகவே கேட்டிருக்கின்றது என்று கொள்ளவேண்டும்.

மூன்று மீன்கள்

எறும்புக் கதையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது பஞ்சதந்திரத்தில் வரும் மூன்று மீன்களின் கதை. ஒரு குளத்தில் மூன்று மீன்கள் இருந்தன. ஒருநாள் மாலை அவ்வழியே சென்ற வலைஞர், 'இக்குளத்தில் மீன் மிகுதியாக உள்ளது. நாளைக்கு வந்து பிடிப்போம்' என்று பேசிச் சென்றனர். முதல் மீன் அதனைக் கேட்டவுடன், நீர் ஓடும் கால்வாய் வழியே அன்றிரவே வேறு குளம் சேர்ந்தது. இரண்டாம் மீன் தங்கிவிட்டது. மறுநாள் வலை விழுந்தபோது செத்ததுபோல் மிதந்தது. வலைஞர் எடுத்து அப்பால் எறியவே, துள்ளி நீரில் விழுந்து தப்பியது. மூன்றாம் மீன், 'வருவது வரட்டும். விதியை யார் வெல்ல முடியும்?' என்று இருந்தவிடத்திலேயே இருந்து உயிரிழந்தது.

வடமொழியில் இம்மீன்களுக்கு அநாகதவிதாதா, பிரத்யுத்பன்னமதி, யத்பவிஷ்யன் என்பன பெயர்கள். வருமுன் காப்போன், வந்தபோது அறிவால் பிழைப்போன், ஆவது ஆகட்டும் என்போன் என்பன அவற்றின் பொருள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் இக்கதை வருகின்றது. அங்கே மூன்றாம் மீனின் பெயர் தீர்க்கசூத்திரன். நீண்ட நூலை உடையவன் என்பது சொற்பொருள். செயலை நூல்போல் இழுத்துக்கொண்டே போகின்றவன், அஃதாவது காலம் நீட்டிப்பவன் என்பது கருத்து.

இக்கதை சோம்பலை வரையறுக்கும் வகை கருதற்பாலது. மூன்று மீன்களுள் எதுவும் மற்றதைவிட மிகுதியாக உழைக்கவில்லை. முதல் மீன் நீந்திய தொலைவு சிறிதே. மூன்றாம் மீன் குளத்திற்குள் நாள்தோறும் அதைவிட மிகுதியாக நீந்தியிருக்கக் கூடும். எனினும் அழிந்தது அதுவே. ஆகவே இங்குச் சோம்பல் என்பது உடல் அசையாமை அன்று. செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய காலத்தில் செய்யாமை. அச்செய்யாமைக்கு அது கூறிக்கொள்ளும் காரணம் விதி. சோம்பல் ஒருபோதும் தன் சொந்தப் பெயரால் வருவதில்லை. விதி, நேரமின்மை, நாளை என்னும் வேறு பெயர்களைப் பூண்டே வருகின்றது. பிள்ளைகள் உணரவேண்டிய நுட்பம் இதுவே.

இரண்டாம் மீனும் ஆசிரியருக்கு உதவுவது. முன்கூட்டிச் செய்யத் தவறியவர்க்கும் மீட்சி உண்டு என்பதை அது காட்டுகின்றது. எறும்புக் கதையில் உழைத்தவன், கெட்டவன் என்னும் இருவரே உளர். இடைப்பட்ட நிலை இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் நிற்பதோ அந்த இடைநிலையில்தான். தேர்விற்கு முன்னாள் விழித்துக்கொள்ளும் பிள்ளையைக் கெட்டவன் பட்டியலில் சேர்த்துவிடாமல் காப்பது மீன் கதையின் சிறப்பு.

மெல்லச் செல்வதும் சோம்பலும்

மந்தமாக இருப்பதும் சோம்பலும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் கதைகளும் பல உள்ளன. ஆமையும் முயலும் ஓடிய கதையில் விரைவாக ஓடவல்ல முயலே சோம்பேறி. மெல்ல ஊரும் ஆமை ஊக்கமுடையது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழி இதற்கு நல்ல துணை. மலாய் மக்களிடம் வழங்கும் சருகுமான் கதை ஒன்றிலும் இத்தகைய ஓட்டப்பந்தயம் உண்டு. அங்கே சருகுமானை எதிர்ப்பது நத்தை. நத்தை தன் இனத்தாரை ஆற்றங்கரை நெடுகிலும் நிறுத்தி வைக்கின்றது. சருகுமான் கூப்பிடும் இடத்திலெல்லாம் முன்னால் இருக்கும் நத்தை குரல் கொடுக்கின்றது. ஓடி ஓடிக் களைத்த சருகுமான் தோற்கின்றது. ஈசாப்புக் கதையில் முயலின் உறக்கம் ஆமைக்கு வெற்றி தந்தது. மலாய்க் கதையில் நத்தைகளின் ஒற்றுமையும் முன்னேற்பாடும் வெற்றி தந்தன. பந்தயத்தில் நத்தை செய்தது நேர்மையா என்னும் கேள்வியும் வகுப்பில் எழும், எழுவது நன்றே. இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துச் சொல்லி வேற்றுமை காணச் செய்தால், பிள்ளைகள் தாமே ஆராயத் தொடங்குவர்.

பஞ்சதந்திரத்தின் சிங்கமும் முயலும் கதையையும் இக்கண்கொண்டு நோக்கலாம். காட்டு விலங்குகள் நாளுக்கொருவராக வந்து இரையாவதாக ஒப்புக்கொண்டதும், சிங்கம் வேட்டையை விட்டுக் குகையிலேயே தங்கிவிடுகின்றது. முயல் வேண்டுமென்றே காலந்தாழ்த்திச் செல்கின்றது. முயலின் தாமதம் திட்டம். சிங்கத்தின் வசதியோ சோம்பல். உணவு தானே வந்து சேரும் நிலைக்குப் பழகிய அரசன், கிணற்று நீரில் தெரிந்த தன் நிழலைப் பகையென்று எண்ணிப் பாயுமளவிற்கு அறிவு மழுங்கினான். உடலின் சோம்பல் அறிவின் சோம்பலாக முடிவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வள்ளுவர் காட்டும் வேறுபாடு

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்கள் 60, 61, 62 என அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளத்து எழுச்சி முதலில். அதனைக் கெடுக்கும் சோம்பலை நீக்குதல் அடுத்து. இடைவிடா முயற்சி இறுதியில். மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தலும் மறதியும் சோம்பலும் மிகு உறக்கமும் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படுகின்றன. தீர்க்கசூத்திரன் என்னும் மீனின் குற்றம் இந்நான்கனுள் முதலாவதாக நிற்பது காண்க.

இவற்றிற்கு முன்னர்க் காலமறிதல் என்னும் 49-ஆம் அதிகாரத்தில், சும்மா இருப்பதுபோல் தோன்றும் ஊக்கத்தை வள்ளுவர் விலங்குகளைக் கொண்டே விளக்குகின்றார். ஊக்கமுடையவன் அடங்கி இருப்பதற்கு, பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவை உவமை காட்டுகின்றார். காலத்தை எதிர்நோக்கி ஒடுங்கியிருத்தலுக்குக் கொக்கை உவமை கூறுகின்றார். நீர்க்கரையில் அசையாது நிற்கும் கொக்கைக் கண்டு சோம்பேறி என்பவர் கொக்கை அறியாதவர். மூன்றாம் மீனும் அசையாதிருந்தது, கொக்கும் அசையாதிருக்கின்றது. ஒன்றின் அசைவின்மை கவனமின்மையால் வந்தது. மற்றதன் அசைவின்மை முழுக் கவனத்தால் வந்தது. சோம்பலுக்கு இலக்கணம் கூற விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் தெளிவான ஒப்பீடு கிடைப்பதரிது.

பினாங்குப் பிள்ளைகள் இவ்வுண்மையை நேரிலேயே காணலாம். 1884-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாவரவியற் பூங்காவில், கண்ணைச் சுற்றி வெண்வளையம் உடைய லோத்தோங் குரங்குகள் மரக்கிளைகளில் நெடுநேரம் அசையாது அமர்ந்திருக்கும். அவற்றின் உணவு பெரும்பாலும் இலை. இலை எளிதில் செரிப்பதன்று. பல அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் நெடும்பொழுது தங்கிப் புளித்தே அது செரிக்கவேண்டும். ஆகவே அவற்றின் ஓய்வும் பிழைப்பின் ஒரு பகுதியே.

முத்திரையின் தீமை

சோம்பேறி என்னும் பட்டம் எவ்வளவு எளிதாகச் சூட்டப்படுகின்றது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று பகரும். மலேசிய அறிஞர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில நூல், மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பைன்ஸ் மக்கள் ஆகியோரைச் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியாளர் கூறிவந்த கட்டுக்கதையை ஆராய்கின்றது. தம் வயலிலும் கடலிலும் உழைத்து வாழ்ந்த மக்கள், வெள்ளையர் தோட்டங்களில் கூலிவேலைக்கு வர மறுத்தனர். அதனாலேயே அவர்கள் சோம்பேறிகள் எனப்பட்டனர் என்பது அவர் காட்டும் உண்மை. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியே தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் வந்திறங்கிய முதன்மையான துறை பினாங்கு. ஆகவே, 'சோம்பேறி' என்னும் சொல் யாரால், யாரை நோக்கி, எந்தப் பயன் கருதிச் சொல்லப்படுகின்றது என்று ஆராய்வது பினாங்குத் தமிழர்க்கு அயலான செய்தியன்று.

வகுப்பறையிலும் இவ்வாராய்ச்சி வேண்டும். மேசைமீது தலை சாய்த்து உறங்கும் பிள்ளை, கடை மூடும்வரை பெற்றோருக்கு உதவிவிட்டு வந்திருக்கலாம். காலை உணவின்றி வந்திருக்கலாம். கரும்பலகை எழுத்துத் தெரியாத கண்குறை உடையதாக இருக்கலாம். முந்தைய பாடம் விளங்காமையால் இன்றைய பாடத்திலிருந்து ஒதுங்கியிருக்கலாம். இவற்றையெல்லாம் விடுத்து எறும்புக் கதையைச் சொல்லி, 'நீதான் அந்த வெட்டுக்கிளி' என்று விரல் நீட்டுவது கதைக்கும் தீங்கு, பிள்ளைக்கும் தீங்கு. விலங்குக் கதையின் அருமையே, அஃது ஒருவரையும் பெயர் சுட்டாமையில் இருக்கின்றது. குற்றம் மீனுடையது, கேட்கும் பிள்ளை தன் குற்றத்தைத் தானே அமைதியாக அதில் கண்டுகொள்ள இடமிருக்கின்றது. விரல் நீட்டியவுடன் அவ்விடம் மறைந்துவிடும்.

வகுப்பில் சொல்லும் முறை

இதனால் சில நெறிகள் பெறப்படுகின்றன. கதை, வீட்டுப்பாடம் செய்யாத நாளில் தண்டனையாகச் சொல்லப்படலாகாது. புதிய வேலை தொடங்கும் நாளில் துணையாகச் சொல்லப்படவேண்டும். நீதியை ஆசிரியரே முதலில் கூறிவிடாமல், 'மூன்றாம் மீன் எந்த நேரத்தில் தப்பியிருக்கலாம்?' என்பது போன்ற வினாக்களால் பிள்ளைகளையே கூறச் செய்தல் நலம். அயல்நாட்டுக் கதைகளில் வரும் குளிர்காலத்திற்குப் பதிலாகத் தொடர்மழையையும் வெள்ளத்தையும் அமைத்தால் பினாங்குப் பிள்ளைக்குப் பொருள் விளங்கும். எறும்புக் கதையின் இறுதியை மாற்றி எழுதுமாறு உயர்வகுப்பு மாணவரைப் பணிக்கலாம்: வெட்டுக்கிளிக்கு உணவும் தந்து, அடுத்த பருவத்திற்கு வேலையும் தரும் எறும்பு எவ்வாறு பேசும் என்று அவர்கள் எழுதட்டும். உழைப்பும் ஈகையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அப்போது தானே விளங்கும்.

பஞ்சதந்திரம் பிறந்த வரலாறாக அந்நூலே கூறும் செய்தியும் ஆசிரியர் நினைவில் நிற்கத்தக்கது. தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்னும் நகரை ஆண்ட அமரசக்தி என்னும் அரசனுக்கு மூன்று மைந்தர்கள். மூவரும் கல்வியில் நாட்டமற்றவர். மந்தர் என்று தந்தையாலேயே கைவிடப்படும் நிலையில் இருந்தவர். விஷ்ணுசர்மன் என்னும் முதிய ஆசிரியர் ஆறு திங்களில் அவர்களை அறிவுடையோராக்குவதாக உறுதி கூறி ஏற்றுக்கொண்டார். அவர் அவர்களைக் கடிந்து தொடங்கவில்லை. சோம்பேறிகள் என்று அழைக்கவும் இல்லை. பழைய பாடமுறையை ஒதுக்கிவைத்து, சிங்கத்தையும் முயலையும் மீனையும் காகத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அரசகுமாரர் கேட்கத் தொடங்கினர். படிக்க மறுத்த மூன்று பிள்ளைகளுக்காகத் தம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்ட ஓர் ஆசிரியரின் முயற்சியிலிருந்தே இக்கதைகள் பிறந்தன என்று அந்நூல் கூறுகின்றது. அக்கதைகளை இன்று எடுத்துச் சொல்லும் ஆசிரியர் அவருடைய பொறுமையையும் உடன் எடுத்துக்கொள்வது முறையாகும்.